கமலவேணி சில்க்ஸில் அந்த வார்த்தை கிடையாது

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பில் கவுண்டரில் கிடைத்தது. புடவை வாங்கப் போன இடத்தில் கதை வாங்கிக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் என் மனைவி சண்டைக்கு வருவாள். ஏனென்றால் அன்றைக்குப் புடவை வாங்கவே இல்லை.

போன தை மாதம், அவள் தங்கை மகள் கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தோம். காந்தி ரோட்டில் ஒரு கடை. (பெயரை மாற்றியிருக்கிறேன். கமலவேணி சில்க்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) வெங்காயத்தோல் நிறத்தில் அரக்கு பார்டர் போட்டது இருக்கிறதா என்று மனைவி கேட்டாள். மெத்தையில் உட்கார்ந்திருந்த விற்பனைக்காரர், "பார்த்துச் சொல்றேம்மா" என்று எழுந்து உள்ளே போனார். காத்திருந்தோம். காபி வந்தது. ஆள் வரவில்லை.

"எழுந்திருங்க, அவர் வர மாட்டார்" என்றாள் மனைவி. "அந்தக் கலர் இல்லைன்னு அர்த்தம். இந்தக் கடையில வாயைத் திறந்து இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. எங்கம்மா காலத்துலேர்ந்து இப்படித்தான்."

பில் கவுண்டரில் இருந்த பெண்மணி இதைக் கேட்டுவிட்டுத் தலை நிமிராமல் சிரித்தார். வெறுங்கையோடு வெளியே போகக் கூச்சமாக இருந்ததால் நான் அவரிடம், "உங்கள் கடைக்கு இன்டர்நெட்டில் பக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

"இருக்கு. முன்னாடி நான்தான் பாத்துண்டிருந்தேன். இப்போ பாக்கறதி..." என்று ஆரம்பித்தவர், அந்தச் சொல்லின் பின்பாதியை விழுங்கிவிட்டு ஸ்டாம்ப் பேடை மூடினார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனிமேல் வருவதெல்லாம் நான் கட்டியது.

2.

முதல் வரி கிடைக்காமல் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

"கோயில்களின் ஊர், பட்டின் ஊர் என்று பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில்—"

இது பஸ் ஸ்டாண்டில் விற்கிற வழிகாட்டிப் புத்தகம்.

"2008-ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு முற்பகலில், ஸுபத்ரா தன் வாழ்க்கையிலேயே மிகவும்—"

மிகவும் என்ன? எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

"'அக்கா, பாஸ்வேர்ட் சொல்லுங்க' என்றாள் அனு."

இது பரவாயில்லை. கவுண்டர் பெண்மணிக்கு ஸுபத்ரா என்று பெயர் வைத்தாகிவிட்டது. (நேரில் 'அவர்'; கதைக்குள் வந்ததும் 'அவள்'. எங்கள் தொழிலில் இந்த மரியாதைக் குறைவு பழகிப்போய்விட்டது.) அனு, கடை முதலாளி கலியாணசுந்தர முதலியாரின் புது மருமகள். சென்னையில் எம்.பி.ஏ. படித்தவள். கடையின் ஆர்குட் பக்கத்தை இனிமேல் அவள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறாள். பாஸ்வேர்டைக் கேட்டதும் ஸுபத்ராவின் முகம் சிவந்தது. ஏன் சிவந்தது என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

3.

முதலியார்தான் ஆரம்பித்து வைத்தார். "இன்னாமோ ஆர்குட்டாமே,* எதிர்க் கடைக்காரன் வெச்சிருக்கான். நம்ம கடைக்கும் ஒண்ணு போட்டுடும்மா" என்றார். ஸுபத்ரா பி.காம்., கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள். "ஆனா ஒண்ணு. மெத்தையில சொல்லாத வார்த்தைய அதுலயும் சொல்லக் கூடாது. ஆமா."

அந்த வார்த்தை 'இல்லை'. பட்டு எடுக்க வருகிறவர்கள் கல்யாணத்துக்காக வருகிறவர்கள்; அவர்கள் காதில் அது விழக்கூடாது என்பது முதலியாரின் அம்மா காலத்திலிருந்து வருகிற கட்டுப்பாடு. அதற்குப் பதிலாகக் கடையில் மூன்று பதில்கள் புழங்கின. 'வருது' என்றால் வரலாம், வராமலும் போகலாம். 'பார்த்துச் சொல்றோம்' என்றால் கிடையவே கிடையாது, வீட்டுக்குப் போகலாம். 'தறியில இருக்குது' என்றால் மட்டும் சத்தியம். ஏனென்றால் எந்தத் தறி, காட்டு என்று வாடிக்கையாளர் கிளம்பிவிட்டால் காட்டியாக வேண்டும்.

கணக்குத் தொடங்க ஆர்குட் ஏகப்பட்ட கேள்வி கேட்டது. முதல் பெயர்: கமலவேணி. கடைசிப் பெயர்: சில்க்ஸ். பிறந்த நாள்: கடை திறந்த விஜயதசமி. ஆணா பெண்ணா? கமலவேணி என்பது முதலியாரின் காலமான அம்மா பெயர். ஆகவே பெண். திருமணம் ஆனதா? அந்தக் கட்டத்தை ஸுபத்ரா காலியாக விட்டாள்.

* தெரியாதவர்களுக்கு: ஆர்குட்டில் ஆளுக்கொரு பக்கம். ஒருவர் பக்கத்தில் மற்றவர் போய் நாலு வார்த்தை எழுதிவிட்டு வரலாம். எழுதியவரே அழிக்கவும் செய்யலாம், இது கதைக்கு முக்கியம். இப்போது இதைவிடப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்கிறான் என் அண்ணன் மகன். அதற்குள் இந்தக் கதையை முடித்துவிட வேண்டும். இன்னொன்று, அதில் எல்லாரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பார்கள். உங்களுக்காக நான் தமிழில் மாற்றியிருக்கிறேன்.

4.

புடவைப் படங்களைப் போட ஆரம்பித்த புதிதில், ஒரு பச்சைப் புடவையின் கீழே 'அன்னப்பட்சி பார்டர்' என்று எழுதியிருந்தாள். அதன் அடியில் ஒரு பதில் வந்து விழுந்தது.

"அது அன்னம் இல்லீங்க. அன்னம்னு நெனச்சுதான் அடிச்சேன். வாத்தா வந்துடுச்சு. மாணிக்கவாசகம், பிள்ளையார்பாளையம்."

ஜக்கார்டு அட்டை அடிக்கிறவன் அவன். பார்டரில் எந்த இழை எப்போது மேலே எழ வேண்டும் என்பதை அட்டையில் ஓட்டை போட்டுத் தறிக்குச் சொல்கிற வேலை. மாதத்தில் சில நாள் அட்டைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வருவான். ஸுபத்ரா அவனைப் பார்த்திருக்கிறாள். "அட்டை வந்துடுச்சும்மா" என்பான். "வெச்சுட்டுப் போங்கோ" என்பாள்.

ஸுபத்ரா படத்தை இன்னொரு முறை பார்த்தாள். வாத்தேதான். தனியாகச் சிரித்துவிட்டு, கடையாக நின்று பதில் எழுதினாள்: "கடையில் அதற்கு அன்னம் என்றுதான் பெயர். விற்றும் போய்விட்டது."

அதிலிருந்து தொடங்கியது. அவன் கடையை ஓர் ஆளாகவே வைத்துப் பேசினான்.

"என்ன கடை, சாப்டாச்சா?"

"கடை இப்போதுதான் தயிர்சாதம் சாப்பிட்டது."

"தயிர்சாதமா? முதலியார் கடை என்னிக்கிலேர்ந்து தயிர்சாதம் சாப்பிடுது?"

ஸுபத்ராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுதுகிறவள் சின்னக் காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டுப் பெண் என்பது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளால் யோசிக்கக்கூட முடியவில்லை. மறுநாள் அவன் கேட்பதற்கு முன்னாலேயே, "இன்று கடை கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டது" என்று போட்டாள்.

"அட! என்ன கருவாடு?"

கருவாட்டில் வகை உண்டு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "பார்த்துச் சொல்றோம்" என்று எழுதினாள். பிரவுசிங் சென்டரில் அவன் சிரித்த சிரிப்பைப் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்திருப்பார். (இது என் ஊகம். எல்லாமே என் ஊகம்தானே.)

5.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கடையாக எழுதுவது ஸுபத்ராதான் என்று அவனுக்குத் தெரியுமா?

ஒரு பிரதியில் அவனைத் தெரிந்தவனாக எழுதினேன். அட்டையை வைத்துவிட்டுப் போகும்போது, "வஞ்சிரமா, நெத்திலியாம்மா?" என்று மெதுவாகக் கேட்பான், அவள் கையிலிருந்த பேனா விழும். நல்ல காட்சி. எடுத்துவிட்டேன். தெரிந்திருந்தால் அவன் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான். தெரியாமலிருந்தால் ஒரு கடையோடு. இரண்டில் எது அதிகப் பிரியம் என்று எனக்கு முடிவுசெய்ய முடியவில்லை.

ஸுபத்ராவைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. அவளுக்கு அவன் வேண்டியிருந்தது. காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைப் போட ஆரம்பித்திருந்தாள். அப்பா ராஜகோபால் வரதர் கோயிலில் பிரபந்த கோஷ்டியில் நிற்கிறவர். வரன் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர். ஊர் ஒன்றுதான். ஆனாலும் அந்தத் தெருவிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு எந்தப் பேச்சும் போனது கிடையாது. அவளும் அவனும் பேச ஊரில் இருந்த ஒரே இடம் கடையின் பக்கம். அங்கேயும் அவள் கடையாக இருக்கிறவரைக்கும்தான்.

வைகாசியில் கருடசேவை. பெருமாள் காந்தி ரோடு வழியாக வந்தார். கடை வாசலில் முதலியார், மகன் விமல்ராஜ், விற்பனைக்காரர்கள், ஸுபத்ரா எல்லாரும் நின்றார்கள். குடைகள் தாண்டிப் போகும்போது எதிர்ப்பக்கக் கூட்டத்தில் மாணிக்கவாசகம் கைகூப்பிக்கொண்டு நின்றான். பெருமாள் கடந்து போன பிறகும் கையை இறக்கவில்லை.

மறுநாள் கடையின் பக்கத்தில் எழுதியிருந்தான்.

"நேத்து வாசல்ல எல்லாரும் நின்னுக்கினு இருந்தீங்க. இதுல கடை யாருன்னு பாத்துக்கினே இருந்தேன். பெருமாளைச் சரியா சேவிக்கல. ஒண்ணு கேக்கட்டுமா? கல்யாணம் ஆச்சான்னு ஒரு கட்டம் இருக்குதே, அத காலியா உட்டுருக்கீங்களே. கடைக்கு யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை. இதுதான் பதில். அவளுக்கு யாரும் இல்லை. அதைச் சொல்வதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்ததுபோல இருந்தது. ஆனால் எத்தனையோ ஆயிரம் முறை அந்த வார்த்தை வருகிற இடத்தில் வேறொன்றை எழுதிப் பழகிய கை அது. மெத்தையில் கல்யாண கோஷ்டி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பில்லுக்கு யாரோ அவசரப்படுத்தினார்கள். விரல் பாட்டுக்குப் போட்டுவிட்டது.

"பார்த்துச் சொல்றோம்."

பட்டுத் தொழிலில் பிறந்து வளர்ந்தவன் அவன். கருவாட்டு விஷயத்தில் சிரித்தவனுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. பார்த்துச் சொல்றோம் என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். போய்விட்டான்.

அதற்கப்புறம் பக்கத்தில் அவன் எழுதவில்லை. கடைக்கு மட்டும் வந்தான். "அட்டை வந்துடுச்சும்மா." "வெச்சுட்டுப் போங்கோ." அவளுக்கு ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டும்போல இருக்கும். ஸ்டாம்ப் பேடைத் திறந்து மூடுவாள். திருத்தி எழுதலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒவ்வொரு நாளும் எழுத உட்கார்ந்தாள். இவ்வளவு நாள் கழித்து எழுதினால் வெட்கங்கெட்டதாக ஆகிவிடாதா என்று ஒவ்வொரு நாளும் எழுந்துவிட்டாள். தள்ளிப்போடத் தள்ளிப்போட அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

6.

அனுவைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். கதைக்கு அது சௌகரியம். கொஞ்சம் அதட்டல், கொஞ்சம் இங்கிலீஷ், 'நீங்க பில்லை மட்டும் பாருங்க' என்று ஒரு வசனம்—

ஒத்துவரவில்லை. அவள் ஸுபத்ராவுக்கு என்று ஒரு டப்பாவில் ரவாலட்டு கொண்டுவந்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நான் ஒண்ணும் உங்க இடத்தைப் புடுங்கலையே? மாமாதான் வீட்டுல சும்மா இருக்காதேன்னு சொன்னார். உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லுங்க, நான் வேற ஏதாவது பாத்துக்கறேன்" என்றாள். உண்மையாகவே கேட்டாள்.

"எனக்கென்ன, பேஷா பாத்துக்கோங்கோ" என்றாள் ஸுபத்ரா.

இப்படிச் சொல்லாதே பெண்ணே என்று நான் கத்தினேன். அவள் காதில் விழவில்லை.

7.

"அக்கா, பாஸ்வேர்ட் சொல்லுங்க."

இப்போது தெரிகிறதா?

"வாத்து" என்றாள் ஸுபத்ரா.

"என்னது?"

"வாத்து. வி, ஏ, ஏ, டி, எச், யு."

அனு விழுந்து விழுந்து சிரித்தாள். "பட்டுக்கடைக்கு மயில், கிளின்னு வெப்பாங்க. வாத்தா! யாருக்கா வெச்சது?"

"விளையாட்டா வெச்சது" என்றாள் ஸுபத்ரா. அதைப் பல பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்ன பிறகு அது வெறும் வாத்தாகிவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் புடவையைப் படம் எடுத்தால் நிறம் மாறிவிடும், வாசல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கேட்கிறவர்களுக்கு முந்தியைத் தனியாகக் காட்ட வேண்டும். மூன்று பதில்களும் அவற்றின் அர்த்தமும். "எது எழுதினாலும் அந்த வார்த்தையை மட்டும் எழுதப்படாது. முதலியாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

"ப்ராமிஸ்க்கா. கண்ணுல பட்டா மொதல்ல அழிச்சுடறேன், போதுமா?" என்றாள் அனு.

கடைக்குப் பின்கட்டில் இருந்த வீட்டிலிருந்து மாமியார் கூப்பிட்டார். "ஒரு நிமிஷம்க்கா" என்று அனு எழுந்து போனாள்.

8.

கம்ப்யூட்டர் முன்னால் ஸுபத்ரா தனியாக இருந்தாள். கடைசி முறை. மாணிக்கவாசகத்தின் பக்கத்தைத் திறந்தாள். கடை எழுதிய 'பார்த்துச் சொல்றோம்' அங்கேயே கிடந்தது, வைகாசியிலிருந்து.

அடித்தாள், அழித்தாள்.

"இனிமேல் இந்தப் பக்கத்தில் எழுதப்போவது நான்—"

"அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு, கடை சொல்ல நினைத்தது என்னவென்றால்—"

"நான் கருவாடு சாப்பிட்டதே—"

(இந்தப் பாதி வரிகளை எழுதும்போது எனக்கு அவள் மேல் கூடுதலாகப் பாசம் வந்துவிட்டது. இரண்டாம் பகுதியில் நான் இதே பாடுதான் பட்டேன்.)

உள்ளே தம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் ஒரே ஒரு வார்த்தை அடித்தாள். கடை திறந்த நாளிலிருந்து கமலவேணி சில்க்ஸ் யாருக்கும் சொல்லாத வார்த்தை.

"இல்லை."

எண்டர் தட்டினாள். கொலுசுச் சத்தம் நெருங்க, எழுந்து பில் கவுண்டருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கம்ப்யூட்டரில் திறந்திருந்த அந்த ஜன்னலை மூட மறந்தாள்.

(மறந்தாளா? அப்படித்தான் முதலில் எழுதினேன். பில்லில் ஒரு பைசா பிசகாதவள் மறந்தாள் என்றால் எனக்கே நம்பக் கஷ்டமாக இருக்கிறது. யாராவது ஒருவர் பார்க்கட்டும் என்று விட்டாளோ என்னவோ.)

9.

அனு வந்து உட்கார்ந்தாள். முதல் காரியமாக வாத்தை எடுத்துவிட்டு வேறு பாஸ்வேர்ட் வைத்தாள். பக்கம் கைமாறிவிட்டது. இனி ஸுபத்ராவால் அதில் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. பிறகுதான் அனு அந்த ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்கா!" என்றாள் அங்கிருந்தே. "யாரு இந்த மாணிக்கவாசகம்? எனக்கு ரூல் சொல்லிட்டு நீங்களே இல்லைன்னு போட்டிருக்கீங்க! மாமா பாத்தா சாமி ஆடிடுவார். அழிச்சுடட்டுமா?"

மெத்தையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். முதலியார் கல்லாவிலிருந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாணிக்கவாசகம் சாயங்காலம் வேலை முடிந்துதான் பிரவுசிங் சென்டருக்குப் போவான். வேண்டாம் என்று அவள் சொன்னால் ஏன் என்று கடையே கேட்கும். சரி என்று சொன்னால் அந்த வார்த்தையை அவன் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

ஸுபத்ரா வாயைத் திறந்தாள்.

இதற்கப்புறம் மூன்று பிரதிகள் என் மேஜையில் கிடக்கின்றன. ஒன்றில், "அழிச்சுடுங்கோ" என்கிறாள். வாசல், ரவாலட்டு டப்பா, ஸ்டாம்ப் பேட் எல்லாம் அப்படி அப்படியே இருக்கின்றன. நன்றாகத்தான் வந்திருக்கிறது, எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொன்றில், "வேண்டாம், அது எனக்காக எழுதினது" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்கிறாள். எனக்கு அதுதான் வேண்டும். மனதார வேண்டும். ஆனால் தலை நிமிராமல் சிரித்த அந்தப் பெண்மணியின் வாயில் அத்தனை சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவதில், பழக்கதோஷத்தால் "பார்த்துச் சொல்றேன்" என்கிறாள். புதுப் பாடம் படித்த அனு அதற்கு அர்த்தம் என்னவென்று யோசித்துக்கொண்டு மௌஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்த 'இல்லை' இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண்மணியின் காலில் மெட்டி இருந்ததா என்று மனைவியைக் கேட்டேன். "கவுண்டருக்குப் பின்னாடி இருந்தவ காலை நான் எங்கே பாக்கறது?" என்றாள்.

10.

கடைசியில் அண்ணன் மகனைப் பிடித்து எனக்கும் ஒரு ஆர்குட் கணக்குத் தொடங்கினேன். அந்தக் கடையின் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். நிஜமான பக்கம், நிஜமான பெயரில். வேறு எதையும் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நானே கட்டிய ஒன்றைக் கேட்டேன், எந்தக் கடையிலும் இருக்க முடியாத ஒன்றை.

"உங்களிடம் வாத்து பார்டர் போட்ட புடவை இருக்கிறதா?"

வரப்போகிற பதில் எனக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு முதல் பிரதியை அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உடனே பதில் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழித்து வந்தது.

"தறியில இருக்குது சார்."

எழுதியது யார் என்று கேட்கலாம்தான். அனுவாக இருக்கலாம், அர்த்தம் தெரியாத யாராவது ஒரு புது விற்பனைக்காரராக இருக்கலாம். கேட்டால் 'பார்த்துச் சொல்றோம்' என்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் கேட்கப்போவதில்லை.

நீங்கள் கேளுங்கள். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். காந்தி ரோட்டில் ஒவ்வொரு கடையாக ஏறி, வாத்து பார்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. ஏதாவது ஒரு கடையில் பில் கவுண்டரில் இருப்பவர் தலை நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் அங்கேயே நின்று, தறியைக் காட்டச் சொல்லுங்கள்.